வாசலைத் திறந்தவர்களுக்கும் பக்கத்தில் அமர்ந்தவர்களுக்கும்

அன்புக்குரியவர்களே,

ஊழியம் முடிந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டேன். ஸ்டேக் தலைவர், அதாவது எங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பானவர், முறைப்படி விடுவித்த பிறகு, இத்தனை காலமும் சட்டையில் குத்தியிருந்த கறுப்புப் பெயர் பேட்ஜைக் கழற்றி மேசை மேல் வைத்தேன். யாருக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும் என்று எழுதத் தொடங்கியபோது பட்டியல் நீண்டுகொண்டே போனது. தனித்தனியாகக் கடிதம் போடுவேன். அதற்கு முன்னால் எல்லோரும் அறிய ஒரு முறை சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உங்கள் பெயர்களையும் ஊர்களையும் இங்கே எழுதவில்லை. எங்களை வீட்டுக்குள் அழைத்துப் பேசியதே உங்களில் சிலருடைய உறவினர்களுக்குத் தெரியாது. அந்த அமைதியைக் காப்பது என் கடமை. வாசிக்கும்போது இது தன்னைப் பற்றியது என்று ஒவ்வொருவருக்கும் புரியும்.

எங்களை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பது எங்கள் சபையின் முழுப் பெயர். மார்மன் சபை என்றால்தான் பலருக்குத் தெரியும். எங்கள் இளைஞர்கள் படிப்பையும் வேலையையும் நிறுத்தி வைத்துவிட்டு ஊழியத்துக்குப் போவார்கள். ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது. எந்த நாடு என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அழைப்புக் கடிதத்தைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும். போன பிறகும் ஓரிடத்தில் நிலைத்து இருக்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இது உங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் எத்தனையோ சகோதரிகள் வந்து, உங்கள் வீட்டில் ஜெபித்து, உங்கள் பிள்ளைகளோடு பழகிவிட்டு, போயும்விட்டார்கள். நாங்களும் அப்படிப் போகிறவர்கள்தான் என்று தெரிந்தும் எங்களைப் புதிதாக, முழு மனதோடு ஏற்றுக்கொண்டீர்கள். நான் நன்றி சொல்ல வேண்டியதில் முதன்மையானது அதுதான்.

என் பயிற்சித் துணைக்கு முதலில் சொல்கிறேன். அக்கா, புதிதாக வருகிறவரோடு முதல் 12 வாரம் அனுபவமுள்ள ஒருவரைச் சேர்த்து விடுவார்கள். எனக்கு நீங்கள் வாய்த்தீர்கள். காலை 6.30க்கு எழுவது முதல் இரவு 10.30க்கு விளக்கை அணைப்பது வரை ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்ற வாழ்க்கை, முன்பின் அறியாத இருவருக்கு எளிதல்ல. பயிற்சி மையத்தில் படித்த பாஷை தெருவுக்கு வந்ததும் காதில் ஏறவே இல்லை. அங்கே எல்லோரும் வேகமாகப் பேசினார்கள், பாதிச் சொல்லை விழுங்கினார்கள். நீங்கள் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே ஒரு வாக்கியத்தை எனக்கென்று விட்டு வைத்தீர்கள். முதலில் என் பெயரைச் சொல்வது. பிறகு எதற்காக வந்திருக்கிறோம் என்பது. பிறகு நாங்கள் விசுவாசிப்பதில் ஒரு வரி. பல வாரம் கழித்து ஒரு மாலை, கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் நீங்கள் ஓர் அடி பின்னால் போய் நின்றுகொண்டீர்கள். இனி நீயே பேசலாம் என்று அதற்கு அர்த்தம். பாடம் நடத்துவது என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஓர் அடிதான்.

வாரத் திட்டம் போட்டு முடித்ததும், துணைகள் இருவரும் தங்களுக்குள் எது உறுத்துகிறது என்று மனம் திறந்து பேச வேண்டும் என்பது எங்கள் முறை. பலர் அதைக் கடமைக்குச் செய்து முடிப்பார்கள். நீங்கள் நோட்டை மூடிவிட்டு, "இந்த வாரம் உனக்கு நான் எங்கே துணையாக இல்லை?" என்று கேட்பீர்கள். பின்னால் வந்த என் துணைகள் எல்லோரிடமும் அந்தக் கேள்வியை நானும் கேட்டேன்.

இனி, எங்களோடு பாடத்துக்கு வந்து உட்கார்ந்த சபையாருக்கு. உங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஊழியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேட்ஜ் அணிந்த இருவரைத்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது நாற்காலியில் இருப்பவர் கண்ணில் படுவதில்லை.

நாங்கள் சொல்லித்தருவது பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். 1820இல் ஜோசப் ஸ்மித் என்ற பதினான்கு வயதுப் பையன், எந்தச் சபையில் சேர்வது என்று தெரியாமல் நியூயார்க் மாநிலத்தின் ஒரு தோப்புக்குள் போய் ஜெபித்தது. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கலாம் என்ற யாக்கோபு நிருபத்தின் வசனம் அவனை அங்கே அனுப்பியது. பிறகு, பைபிளோடு நாங்கள் வேதமாகக் கொள்ளும் மார்மன் புஸ்தகம். அதை வாசித்து, உண்மையா என்று தேவனிடமே கேளுங்கள் என்ற அழைப்பு. அடுத்தடுத்த சந்திப்புகளில் இரட்சிப்பின் திட்டம், விசுவாசம், மனந்திரும்புதல், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம். இதற்கெல்லாம் நாங்கள் தனியாகவும் துணையோடு சேர்ந்தும் உட்கார்ந்து ஆயத்தப்படுவோம். எவ்வளவு ஆயத்தப்பட்டாலும் இருபது வயதுப் பெண்கள் இருவர் சொல்லும்போது அது பாடமாகத்தான் ஒலிக்கும். பக்கத்தில் இருக்கும் சகோதரி, "என் கணவர் இறந்த வருஷம் நான் இதைக் கேட்டேன்" என்று ஆரம்பித்தால் அறையே மாறிவிடும். கேட்கிறவர் சாய்ந்திருந்த நாற்காலியை விட்டு முன்னால் வருவார். நாங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டிய நேரம் அது என்பதைக் கண்டுகொண்டோம்.

ஆண் ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் நாங்கள் இருவர் மட்டும் போய்ப் பாடம் நடத்தக் கூடாது. பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். அதற்காக வேலை முடிந்த களைப்போடு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்தீர்கள். பேசிவைத்தபடி அந்த நபர் வராமல் போன நாட்கள் உண்டு. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, முகம் சுளிக்காமல், "அடுத்து எப்போது?" என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்கு நான் எப்படி நன்றி சொல்ல!

புகையிலையை விட முயன்ற அண்ணனோடு நின்ற சகோதரரே, உங்களைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. புகையிலை, மது, காபி, தேநீர் இவற்றை நாங்கள் விலக்குவது 1833இல் கிடைத்த ஞான வார்த்தை என்ற வெளிப்பாட்டின்படி. அதை விளக்க எங்களுக்குக் கால் மணி நேரம் போதும். அந்த அண்ணனுக்குக் கடினமாக இருந்ததோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். அந்த நேரத்தில் நாங்கள் எங்கள் அறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். நீங்கள் தினமும் அந்த நேரம் பார்த்து அவருக்குப் போன் செய்தீர்கள். சில நாள் சபையைப் பற்றிப் பேசவே மாட்டீர்களாம், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்களாம். நீங்களும் ஒரு காலத்தில் அந்தப் பழக்கத்தோடு போராடியவர் என்பதை அவரே பிற்பாடு எனக்குச் சொன்னார். அவருடைய ஞானஸ்நானத்தின்போது நான் வேறு ஊரில் இருந்தேன். தண்ணீருக்குள் அவரோடு இறங்கியவர் நீங்கள். அதுவே சரி.

எங்கள் செய்தியை ஏற்காதவர்களுக்கும் இதே அளவு நன்றி சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, முதல் நாளே நீங்களும் அம்மாவும் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்: "எங்கள் விசுவாசம் எங்களுக்குப் போதும், அதை மாற்றப் போவதில்லை. ஆனால் பாஷை கற்க வந்தால் கதவு திறந்திருக்கும்." அந்த வாக்கை நீங்கள் இருவரும் கடைசி வரை காப்பாற்றினீர்கள். எங்கள் வேதப்பகுதிகளையே உரக்க வாசிக்கச் சொல்லி, உச்சரிப்பைத் திருத்தினீர்கள். நீங்கள் நம்பாத ஒன்றை நாங்கள் நன்றாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக நேரம் கொடுத்தீர்கள். அதற்குப் பெரிய மனசு வேண்டும்.

பாதி வாசித்த மார்மன் புஸ்தகத்தைத் திருப்பித் தந்து, ஏன் தொடர முடியவில்லை என்று ஒரு தாள் நிறைய எழுதிய கல்லூரி மாணவியே, உனக்கும் நன்றி. உன் கேள்விகள் நேர்மையானவை. அவற்றுக்குப் பதில் தேடித்தான் நான் சபையின் வரலாற்றை ஆழமாக வாசிக்க ஆரம்பித்தேன். இன்னும் வாசிக்கிறேன். கதவைத் திறந்து, "வேண்டாம், ஆனால் வெயிலில் நிற்காதீர்கள், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்" என்ற பெயர் தெரியாத எத்தனையோ பேருக்கும் வணக்கம்.

எங்கள் சபையில் முதல் ஊழியக்காரர் என்று சாமுவேல் ஸ்மித்தைச் சொல்வோம். ஜோசப் ஸ்மித்தின் தம்பி. 1830இல் மார்மன் புஸ்தகப் பிரதிகளைச் சுமந்துகொண்டு கால்நடையாகப் போனவர். வாங்கினவர்கள் மிகக் குறைவு. ஜான் கிரீன் என்ற மெதடிஸ்ட் போதகர் வீட்டில் ஒரு பிரதியை விட்டுவிட்டு வந்தார். அதைக் கையில் எடுத்து வாசித்தவர் அவருடைய மனைவி ரோடா. கணவரையும் வாசிக்க வைத்தார். ரோடாவின் சகோதரர்தான் பிரிகாம் யங். அவர் 1832இல் ஞானஸ்நானம் பெற்று, பிற்பாடு சபையையே வழிநடத்தினார். இந்தக் கதையை எங்களுக்குச் சாமுவேலின் உழைப்புக்காகச் சொல்வார்கள். ஊழியத்துக்குப் போய் வந்த பிறகு என் மனம் ரோடாவிடம் போகிறது. ஊழியக்காரர் போன பிறகு வீட்டில் இருந்தவர் அவர். உங்களில் பலரை நான் அவருடைய இடத்தில் பார்க்கிறேன்.

1898இல் ஐனஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இருவர் இங்கிலாந்துக்குப் போனார்கள். சுவிசேஷம் அறிவிக்க முறைப்படி அனுப்பப்பட்ட முதல் திருமணமாகாத பெண்கள் அவர்கள். அவர்களுக்கும் அங்கே யாரோ தங்க இடம் கொடுத்திருப்பார்கள், வழி காட்டியிருப்பார்கள். அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியாது, ஆனால் அவர்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

வாரத்தில் ஒரு நாள் எங்களுக்கு ஆயத்த நாள். துணி துவைப்பது, வீட்டைச் சுத்தம் செய்வது, சாமான் வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். மாடிவீட்டு அம்மா, எங்கள் கொடியில் இடம் இல்லாதபோது உங்கள் கொடியைக் காலி செய்து கொடுத்தீர்கள். மழை வந்தால் எங்கள் துணியை முதலில் எடுத்துவிட்டு உங்களுடையதைப் பிறகு எடுத்தீர்கள். எங்கள் ஊழியப் பகுதிக்குப் பொறுப்பான மிஷன் தலைவரின் துணைவியாரே, காய்ச்சலில் நான் படுத்திருந்தபோது ஒரு நாளில் எத்தனை முறை போன் செய்தீர்கள்! எங்கள் எல்லோருடைய உடல்நலமும் உங்கள் பொறுப்பு, இருந்தும் அன்று என் ஒருத்திக்காகவே இருந்ததுபோல் பேசினீர்கள்.

அப்பா, அம்மா. 2019க்கு முன்பு ஊழியத்தில் இருந்தவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறைதான் வீட்டாரோடு பேச முடியும். எனக்கு வாராவாரம் உங்கள் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. வீட்டில் இருந்த கஷ்டங்களை அந்த நேரத்தில் ஒரு சொல்லாலும் காட்டாமல், "இந்த வாரம் யாரைச் சந்தித்தாய்?" என்று மட்டும் கேட்டீர்கள். மாதா மாதம் என் ஊழியச் செலவுக்கு நீங்கள் எதை எதைக் குறைத்துக்கொண்டீர்கள் என்பது இப்போதுதான் வீட்டைப் பார்த்துத் தெரிகிறது. உங்களுக்கு எழுத்தில் சொல்லி முடியாது, நேரில் சொல்கிறேன்.

கடைசியாக, நான் கடைசியாக ஊழியம் செய்த கிளையின், அதாவது அந்த ஊர்ச் சிறு சபையின், சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஞானஸ்நானம் எடுக்க விரும்பும் அந்த இளம் தாயை நீங்கள் அறிவீர்கள். மணமானவர் ஞானஸ்நானம் பெறக் கணவரின் சம்மதம் வேண்டும் என்பது சபையின் விதி. அவருடைய சம்மதம் இன்னும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். நீங்கள் இன்னும் அவர்கள் வீட்டுக்குப் போய்வருகிறீர்கள் என்றும், கணவரையும் மரியாதையோடு நண்பராக நடத்துகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையோடு வரும்போது பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறீர்களாம். நான் கேட்டுக்கொள்ள நினைத்ததை நான் கேட்பதற்கு முன்பே செய்துவிட்டீர்கள். அவளிடம் என் அன்பைச் சொல்லுங்கள். அவள் பெயரைச் சொல்லி நான் தினமும் ஜெபிக்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் சகோதரி