கடுஞ்சொல்லுக்குள் இருக்கும் குறையைக் கேட்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் எங்கள் கடலூரில் வாய்க்கால்களைத் தூர்வாருவது பற்றியும் வடிகால்களைச் சீரமைப்பது பற்றியும் பேச்சு எழுகிறது. அதே மழை நாட்களில் தெருவுக்குத் தெரு மூளும் வாய்த்தகராறுகளைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அப்படியொரு தகராறில் நானே ஒரு தரப்பாக இருந்தவன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்ததும், அடுத்த ஓரிரு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கரையோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு ஆற்று வெள்ளம் வரவில்லை. பெய்த மழையே வடிய வழியின்றி முழங்கால் அளவுக்கு நின்றது. காலையில் எதிர்வீட்டுக்காரர் தம் வாசற்படியில் நின்றுகொண்டு, “வீட்டை மேடாகக் கட்டிக்கொண்டு எங்களை முழுகடிக்கிறீர்களே, படித்த மனுஷன் செய்கிற வேலையா சார் இது?” என்று தெருவே கேட்கும்படி கத்தினார். பல ஆண்டுகளாகப் பழகியவர். நான் பதில் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டேன். மறுநாளும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திருப்பித் திட்டாமல் இருந்ததையே பெரிய பொறுமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

“அவர் திட்டியது இருக்கட்டும், சொன்னது சரியா என்று பார்த்தீர்களா?” என்று என் மனைவி கேட்ட பிறகுதான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இருசக்கர வண்டியை ஏற்றுவதற்காக வாசலில் நான் போட்டிருந்த சிமெண்டுச் சரிவின் அடியில், சாக்கடையின் வாய் முக்கால் பங்கு மூடியிருந்தது. மிச்சமிருந்த சந்தில் தேங்காய் மட்டையும் பாலித்தீன் பைகளும் கட்டுமான மணலும் இறுகிக் கிடந்தன. சரிவின் ஓரத்தை நான் உடைக்கத் தொடங்கியதும், சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய் மண்வெட்டியோடு வந்து, எதுவும் பேசாமல் மணலை வாரிப் போட்டார். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார், முதலில் இந்த மட்டையைப் பிடிங்க” என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டதை எளிதாகச் சொல்லிவிடலாம். சுடுசொல்லைக் கேட்டதும் அந்தச் சூட்டுக்குத்தான் நாம் பதில் தேடுகிறோம். அதைச் சொன்னவரைச் சுடுகிற குறை என்ன என்று பார்ப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒருவகையில் பழிவாங்கல்தான், சத்தம் மட்டும் வெளியே கேட்பதில்லை.

எங்கள் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867 ஆம் ஆண்டு தொடங்கிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வருகிறவரிடம் சாதியோ மதமோ கேட்காமல் சோறு போடுவதே அங்கு வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் தைப்பூசத்தன்று, வடலூர்ச் சாலையோர அன்னதானப் பந்தல் ஒன்றில் இலை போடும் வேலையில் நானும் இருந்தேன். சோறு வரச் சற்றுத் தாமதமானதும் பெரியவர் ஒருவர், பரிமாறிய இளைஞரைக் காதால் கேட்கமுடியாத சொற்களால் ஏசினார். அந்தப் பையன் முகம் சுளிக்கவில்லை; “இதோ வந்துடுச்சு தாத்தா” என்று கூறி, அடுத்து வந்த சோற்றில் முதல் கரண்டியை அவர் இலையில்தான் வைத்தான். நான்கு வாய் உண்டபின் அந்தப் பெரியவர் தலையை நிமிர்த்தி, “நீ சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார். ஏசிய வாயும் அதுவே, விசாரித்த வாயும் அதுவே.

பேருந்தில் சில்லறைக்காக நடத்துநரிடம் எரிந்து விழுகிறவரையும், வரிசையில் நின்று நின்று பொறுமை இழந்து அலுவலகச் சாளரத்தில் கத்துகிறவரையும் இப்படியே பார்க்கலாம் என்று நம்புகிறேன். சில்லறை எப்போது கிடைக்கும், மனு எந்த மேசையில் இருக்கிறது என்பதைத் தணிந்த குரலில் தெளிவாகச் சொல்லிவிட்டாலே பாதிக் கோபம் இறங்கிவிடும்; வெறும் புன்னகை அதைச் செய்யாது. ஆனால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துகிறவரையும், பெண்களை மிரட்டுகிறவரையும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அங்கே புகார் கொடுப்பதுதான் முறை. பொறுத்துப்போகும்படி பாதிக்கப்பட்டவரிடம் சொல்வது அநியாயம்.

இந்த ஆண்டு மழைக்கு முன்பே எங்கள் தெருச் சாக்கடை முழுவதையும் சேர்ந்து பார்த்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்காரரை அழைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மண்வெட்டி அவருடையது, கடப்பாரை என்னுடையது. மற்றத் தெருக்காரர்களும் தங்களுக்குள் இப்படி ஒருமுறை பேசிப் பார்க்குமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.