வெந்த பிறகு உப்பு

அன்புள்ள பாப்பா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் அதட்டிக்கொண்டிருக்கிறாள். தம்பி அந்த வண்டியை விற்றுவிட்டான். பெரியப்பா விஷயம் பழையபடிதான். வேறு செய்தி இல்லை.

மூன்று ஞாயிறாக நீ கூப்பிடவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. செமஸ்டர் முடிகிற நேரம், எட்டுப் பக்கக் கட்டுரை தலைமேல் நிற்கும், தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு. தூங்கு.

ஆகஸ்டில் நீ அனுப்பிய பாடத்திட்டத்தைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பொறியியல் படிக்கப் போன பெண்ணுக்கு அமெரிக்காவில் கட்டுரை வகுப்பு எதற்கு, அதுவும் சாப்பாட்டைப் பற்றி எதற்கு என்று முதலில் பெரியப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அங்கே எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பெரும்பாலான கல்லூரிகளில் முதல் வருஷம் எழுதப் பழகித்தான் ஆகவேண்டும் என்று நீதான் பொறுமையாக விளக்கினாய். முதலில் ஒரு வேளைச் சாப்பாட்டின் நினைவு. அடுத்து ஒரு விளம்பரத்தையோ டப்பாவையோ அலசி எழுதுவது. பிறகு படித்த மூலங்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் கீழே அது என்ன சொல்கிறது, எழுதியவர் யார், உனக்கு எதற்கு ஆகும் என்று நாலைந்து வரி. கடைசியில் ஆராய்ச்சிக் கட்டுரை. தினமும் காபி குடிக்கும்போது அதைப் படித்துப் படித்து எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எல்லாரும் மூன்று வேளை சாப்பிடுகிறவர்கள், ஆகவே எல்லாரிடமும் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும் என்றுதான் உன் புரொபசர் இந்தப் பொருளை எடுத்திருப்பார். நல்ல யோசனை.

உன் இரண்டாவது கட்டுரையை, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் அந்த சீரியல் டப்பாவைப் பற்றியதை, நான் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று அம்மாவிடம் கேள். டப்பாவின் முன்பக்கம் கூவுவதையும் பின்பக்கப் பட்டியல் மெதுவாகச் சொல்வதையும் எதிரெதிரே நிறுத்தி எழுதியிருந்தாயே, அப்படி ஒருவரும் எனக்குக் காட்டிக் கொடுத்ததில்லை. அந்த ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு 1990-இல் சட்டம் வந்தது, 1994-இல்தான் டப்பாக்களில் அமலானது, வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரையைத் தனி வரியில் காட்டவேண்டும் என்ற விதி 2016-இல்தான் வந்தது என்பதெல்லாம் நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வருஷத்துக்கும் பக்கத்தில் எங்கே படித்தாய் என்றும் போட்டிருந்தாய். அதை அனுப்பியவள் மூன்றாவதை ஏன் அனுப்பவில்லை? சரி, விடு.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். எங்கிருந்து எடுத்தாய் என்பதை எடுத்த அந்த நிமிஷமே எழுதி வை. ஒருவர் எழுதிய வாக்கியத்தை நோட்டில் இறக்கும்போதே மேற்கோள் குறி போட்டுவிடு, பக்க எண்ணைப் போட்டுவிடு. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு வாரம் கழித்து எது அவர் சொன்னது, எது நீ நினைத்தது என்று உனக்கே பிடிபடாது. குறிப்பேடு அப்படித்தான் ஆளைக் கவிழ்க்கும்.

இன்னொன்றும் உண்டு. நாம் படித்து வந்த முறையில் இதை யாரும் தப்பென்று சொல்லித் தந்ததில்லை. ஒரு பத்தியை முன்னால் வைத்துக்கொண்டு நாலு சொல்லை மாற்றி, வாக்கியத்தின் எலும்பை அப்படியே வைத்து எழுதினால் அது சொந்த நடை ஆகிவிடாது. அங்கே அதையும் திருட்டுக் கணக்கில்தான் வைப்பார்கள். புத்தகத்தை மூடு. அம்மாவிடம் போனில் சொல்வதுபோல் ஒருமுறை வாய்விட்டுச் சொல். சொன்னதை எழுது. பிறகு திறந்து சரிபார். சொல் முழுக்க உன்னுடையதாக இருந்தாலும் கருத்து அவருடையது, ஆகவே அவர் பெயரும் பக்கமும் அங்கே வரவேண்டும்.

கார்ட்டூனில் பாப்பாய் என்கிற மாலுமி கீரை டின்னைப் பிழிந்து விழுங்குவானே, அந்தக் கீரைக் கதை உனக்கு நினைவிருக்கும். நீ சாப்பிட அடம்பிடித்த நாளில் நான்தான் சொன்னேன். ஒரு ஜெர்மன் விஞ்ஞானி தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துவிட்டார், அதனால்தான் அந்தக் கீரையில் இரும்புச்சத்து பத்து மடங்கு என்று உலகமே நம்பியது என்று. எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்! போன மாதம் உன் பாடத்திட்டத்தைப் பார்த்த சூட்டில் அதைத் தேடிப் போனேன். 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு மருத்துவர் அந்தக் கதையை எழுதியிருக்கிறார், எங்கிருந்து எடுத்தார் என்ற குறிப்பே இல்லாமல். அதைப் பார்த்து இன்னொருவர், அவரைப் பார்த்து மற்றொருவர். 2010-இல் மைக் சட்டன் என்கிற ஆய்வாளர் வேரைத் தோண்டிப் பார்த்தபோது அந்தப் புள்ளி நகர்ந்ததற்கு ஆதாரமே கிடைக்கவில்லை. பாப்பாயும் 1932-இல் கீரை தின்பதற்குச் சொன்ன காரணம் வைட்டமின் ஏ, இரும்பு இல்லை. படித்தவர்கள் செய்த பிழையைச் சொல்லிக்காட்டிய கதையே படித்தவர்கள் செய்த பிழை. அதை நானும் என் மகள் தட்டில் வைத்துப் பரிமாறியிருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், மூலத்துக்குப் போ. செப்டம்பரில் நீ சொன்ன அந்த வாஷிங்டன் கதையையும் எடுத்துக்கொள். 1902-இல் வேளாண்மைத் துறையின் வேதியியல் அலுவலகத்தில் ஹார்வி வைலி 12 இளைஞர்களுக்குச் சாப்பாட்டில் போராக்ஸ் என்கிற ரசாயனத்தைக் கலந்து கொடுத்துச் சோதித்தாரே, 1906-இல் உணவுக் கலப்படச் சட்டம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றாயே. அன்றைய பத்திரிகைகள் அவர்களுக்கு விஷப்படை என்று பெயர் வைத்து எழுதியது ஒன்று. வைலியே எடையும் அளவும் போட்டு எழுதிய அறிக்கை ஒன்று. இரண்டும் மூலம்தான். ஊர் என்ன பேசியது என்பதற்கு முன்னது, மேஜையில் என்ன நடந்தது என்பதற்குப் பின்னது. எதை எதற்கு வைக்கிறாய் என்பது உனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

உன் அத்தை மகன் போன வாரம் பேசினான். உன்னைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, "அவளே சொல்லுவா மாமா" என்று நிறுத்திக்கொண்டான். நான் துருவவில்லை. துருவவும் மாட்டேன். ஆனால் பொதுவாகச் சொல்கிறேன், யாருக்கு வேண்டுமானாலும் வரக்கூடியது: புரொபசர் கூப்பிட்டு இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கையில் இருக்கும் குறிப்புகள், கிறுக்கிய முதல் வரைவு, திருத்திய வரைவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போ. இது என்னுடையது, இது என்னுடையது இல்லை என்று அந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிடு. மின்னஞ்சலில் சமாளிக்காதே. கல்லூரியிலேயே எழுத உதவும் மையம் இருக்கிறது என்று பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறதே, அங்கே ஒருநாள் போய் உட்கார். கேட்டால் எழுதிக் கொடுத்துவிடும் மென்பொருள் பக்கம் மட்டும் போகாதே. இல்லாத புத்தகத்துக்கும் அது பக்க எண் போட்டுக் கொடுக்கும். எழுதி வை பாப்பா, எங்கிருந்து எடுத்தாய் என்று எழுதி வை.

கடைசியாகக் கூப்பிட்ட அன்று நீ அம்மாவிடம் இரண்டு கேள்வி கேட்டாய். பருப்புக்கு உப்பு எப்போது போடுவது, ஏன் என்று ஒன்று. எட்டாம் வகுப்பில் பரிசு வாங்கிய அந்தக் கட்டுரை வீட்டில் இருக்கிறதா என்று ஒன்று. நான் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கேள்வியைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்திருக்கிறாய் என்று புரிந்தது. உணவும் பண்பாடும் என்று கடலளவு தலைப்பிலிருந்து ஒரு சிட்டிகை உப்புக்கு வந்து நின்றிருக்கிறாயே, அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி. அன்று இரவே நான் உட்கார்ந்து தேட ஆரம்பித்துவிட்டேன். பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் பெக்டின் என்கிற பசை மாதிரிப் பொருள் இருக்கிறது, தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அதை இறுக்கிப் பிடிக்கும், அதனால்தான் கடினநீரில் வேகாது, புளிப்பு சேர்த்தாலும் வேகாது. ஊறவைக்கும் தண்ணீரில் உப்பு போட்டால் சோடியம் அந்த இடத்தைப் பிடித்துத் தோலை இளக்கிவிடும், சீக்கிரம் வெந்துவிடும். அப்படியானால் உப்பு முதலில் கூடாது என்ற அடுப்படி வழக்கத்தை அப்படியே ஏற்க முடியாது, எப்போது, எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவேண்டும். இதையே மையக் கருத்தாக வைத்து, முதல் பத்தியில்

பார்த்தாயா. இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று. மறுபடியும் உன் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பரிசுக் கட்டுரையைப் பற்றி நாம் இரண்டு பேரும் ஒரு நாளும் பேசியதில்லை. நீ முதலில் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தாய். நான் ஈஸிசேரில் படுத்தபடியே படித்துவிட்டு, "இது போதாது" என்றேன். இரண்டு குறள், பாரதியார் வரி ஒன்று, தாய்மை, தியாகம் என்று மூன்று பக்கம் நானே எழுதி, உன்னை உட்காரவைத்து உன் கையெழுத்தில் பார்த்து எழுதச் செய்தேன். இரவு பதினொன்று வரை எழுதினாய். கை வலிக்கிறது என்றாய். அப்பத்தாவின் அடுப்படியைப் பற்றிய கட்டுரை அது. அந்த அடுப்படிக்குள் தண்ணீர் குடிக்கக்கூட நான் போனதில்லை.

பரிசு வாங்கி வந்த அன்று எல்லார் முன்னாலும் உன்னைப் படிக்கச் சொன்னேன். அப்பத்தா முழுக்கக் கேட்டாள். "பருப்பு வேகுமுன்னயே உப்பு போடுறதா எழுதியிருக்கே, நான் எந்தக் காலத்துல அப்படிப் போட்டேன்?" என்றாள். நீ என்னைத்தான் பார்த்தாய். நான் சிரித்து மழுப்பினேன். "கட்டுரைன்னா அப்படித்தான் ஆத்தா" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்தக் கோப்பை இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது.

உன் புரொபசர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அதில் பாதியை என்னிடம் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் எழுதிக் கொடுக்கும் இயந்திரத்தை நான் மேலே திட்டினேன். பதின்மூன்று வயதில் உனக்கு நான் அதுவாகத்தான் இருந்தேன். நீ கேட்காமலே எழுதிக் கொடுத்தேன். உன் வார்த்தை போதாது என்று முதலில் சொன்னவன் நான். இதை உன்னிடம் சொல்ல இத்தனை வருஷம் எடுத்துக்கொண்டேன், மன்னித்துவிடு. அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவளுக்கு அன்றே தெரியுமாம்.

நீ கேட்டதற்காக நீல டிரங்குப் பெட்டியை இறக்கித் தேடினேன். பரிசுக் கட்டுரை கிடைக்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசியில் உன் ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. அப்பத்தா எல்லாரும் சாப்பிட்ட பிறகு நின்றபடியே சாப்பிடுவாள் என்று எழுதியிருக்கிறாய். நான் மகன், அது என் கண்ணில் பட்டதே இல்லை. பிறகு இப்படி இருக்கிறது: "உப்பு கடைசியில்தான். ஏன் என்று கேட்டேன். முதலில் போட்டால் பருப்பு கோபித்துக்கொண்டு வேகாது என்று அப்பத்தா சொன்னது." கேட்டிருக்கிறாய். யார் சொன்னது என்றும் எழுதியிருக்கிறாய். அப்பத்தா போய்விட்டாள், அவள் வாயால் சொன்னதாக இந்த வீட்டில் எழுத்தில் இருப்பது இந்த ஒன்றுதான்.

உப்பைப் பற்றி நான் தேடி எழுதிய மற்ற பக்கங்களை அனுப்பவில்லை. மேலே எழுதிய நாலு வரியையும் கணக்கில் சேர்க்காதே, நீயே தேடிப் பார், நான் சொன்னது தப்பாகக்கூட இருக்கும். உன் பக்கத்தை மட்டும் இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பிழை திருத்தவில்லை. மடிப்பில் கிழிந்திருக்கிறது, பார்த்துப் பிரி.

எனக்கு இப்போதெல்லாம் இரவில் தூக்கம் வருவதில்லை. எந்த நேரமானாலும் கூப்பிடலாம். நீ ஒன்றும் சொல்லவேண்டாம், சும்மா கூப்பிட்டால் போதும்.

அப்பா