ஜிபிஎஸ் வாட்ச்: ஒப்பீட்டு அட்டவணையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓட்டப் பயிற்சிக்கான ஜிபிஎஸ் வாட்ச்சுகளை ஒப்பிட்டுத் தங்கள் நாளிதழில் வந்த அட்டவணையைப் படித்தேன். திரையின் அளவு, எத்தனை விளையாட்டு வகைகள், எத்தனை பாட்டு ஏற்றலாம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. வாட்ச் காட்டும் தூரத்தையும் வேகத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம்கூட இல்லை. ஓடுவதற்கென்றே வாங்குபவருக்கு அதுதானே முதல் கேள்வி?

முதலில், வாட்ச்சுக்குள் ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்று பெட்டியில் போட்டிருந்தால் பெரும்பாலும் இல்லை என்றே பொருள். அது போனின் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால், கை வீச்சையும் காலடியையும் வைத்து ஊகித்த தூரம்தான் கிடைக்கும்.

அடுத்தது அலைவரிசை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சிக்னல் அனுப்புகின்றன. சாதாரண வாட்ச் எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் கேட்கும். இரட்டை அலைவரிசை வாட்ச் எல்5 எனப்படும் 1176.45 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்துக் கேட்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, சற்றுத் தாமதமாக வந்து சேர்கிறது. செயற்கைக்கோள் தன் சிக்னலில் ஒரு குறியீட்டை ஏற்றி அனுப்புகிறது. எல்1 குறியீட்டின் ஒரு துண்டு ஏறத்தாழ 293 மீட்டர் நீளம். எல்5-இல் அது 29 மீட்டர்தான். எனவே 40 மீட்டர் சுற்றி வந்த எதிரொலி எல்1-இல் நேர் சிக்னலோடு கலந்துவிடும். எல்5-இல் தனியாகத் தெரியும், வாட்ச் அதை ஒதுக்கிவிடும். சாலையில் ஓடியவரை வரைபடத்தில் கட்டடத்துக்குள் ஓடவிடும் பிழை இப்படித்தான் குறைகிறது.

இங்கே பலர் ஏமாந்துபோகிறார்கள். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று பெட்டியில் நான்கு செயற்கைக்கோள் அமைப்புகளின் பெயர்கள் இருந்தால் அது இரட்டை அலைவரிசை ஆகிவிடாது. அதிகச் செயற்கைக்கோள்கள் கண்ணில் படும், அவ்வளவுதான். எதிரொலிச் சிக்கல் அப்படியே இருக்கும். அதே சமயம், திறந்த மைதானத்திலும் கடற்கரையிலும் மட்டுமே ஓடுபவருக்கு இரட்டை அலைவரிசை தேவையே இல்லை. அது பேட்டரியையும் வேகமாகத் தின்னும்.

இனி பேஸ், அதாவது ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கு. 6 நிமிடப் பேஸில் ஓடுபவர் ஒரு நொடிக்கு 2.78 மீட்டர்தான் நகர்கிறார். வாட்ச் குறிக்கும் புள்ளியோ திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளி விழக்கூடும். ஆகவே நொடிக்கு நொடி வேகம் குதிக்கும். அந்தக் குதிப்பை அடக்க வாட்ச் சராசரி எடுப்பதால், திரையில் தெரிவது சில நொடிகள் பழைய செய்தி. அதைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காலை வீணாகக் களைப்பாக்கும். திரையில் ‘லேப் பேஸ்’, அதாவது இப்போது ஓடும் பகுதியின் (லேப்) தொடக்கத்திலிருந்து எடுத்த சராசரி பேஸ், வரும்படி மாற்றிக்கொள்ள முடிகிற வாட்ச்சையே வாங்க வேண்டும். மலிவான சில மாடல்களில் திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கவே முடியாது.

மாரத்தான் ஓடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முறைப்படி அளந்த பாதையின் 42.195 கிலோமீட்டர், வளைவுகளில் ஓரத்தை ஒட்டி ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் அளக்கப்படுகிறது. பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் கூடுதலாகவும் வைப்பார்கள். கூட்டத்தில் விலகி விலகி ஓடுபவரின் வாட்ச், புள்ளிப் பிழைகளும் சேர்ந்து, 42.6 என்று காட்டினால் அது பாதையின் குற்றம் அல்ல. 4 மணி நேரத்தில் முடிக்கக் கணக்குப்படி 5:41 பேஸ் போதும். வாட்ச் 42.6 காட்டப்போகிறது என்றால் அதன் திரையில் 5:38 தெரிய வேண்டும். இந்த 3 நொடியைக் கணக்கில் எடுக்காதவர் கடைசிவரை சரியான வேகத்தில் போவதாக நம்பி, இரண்டு நிமிடம் தாமதமாக வந்து சேர்வார். வாட்ச் தன் கணக்கில் தானாகப் போடும் லேப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையிலும் கையால் லேப் அழுத்துவதே சரி. அதற்கு நிஜமான பட்டன் வேண்டும். வியர்வையிலும் மழையிலும் நனைந்த விரலை டச் ஸ்கிரீன் சரியாக உணராது. மழைத்துளி பட்டே ஓட்டப் பதிவு நின்றுபோவதும் உண்டு.

400 மீட்டர் தடகள மைதானத்தில் சுற்றுபவருக்கு ‘டிராக் மோட்’ பயன்படும். எந்தத் தடத்தில் ஓடுகிறோம் என்று முன்கூட்டியே அதில் குறிக்க வேண்டும். 1.22 மீட்டர் அகலத் தடங்களில், 4-ஆம் தடத்தின் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 422 மீட்டர்.

இதயத் துடிப்பைப் பொறுத்தவரை, மணிக்கட்டில் பச்சை ஒளியால் அளப்பது சீரான ஓட்டத்துக்குப் போதும். குறுகிய வேக ஓட்டங்களில் அது பின்தங்கும். பட்டை தளர்ந்திருந்தால் காலடித் தாளத்தையே துடிப்பாக எடுத்துக்கொள்ளும். பேசிக்கொண்டே மெதுவாக ஓடும்போது திரையில் 170, 175 என்று நகராமல் நின்றால், அது பெரும்பாலும் காலடி எண்ணிக்கைதான். மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, நழுவாதபடி கட்ட வேண்டும். இடைவெளிப் பயிற்சி (வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடுவது) செய்பவர்கள் மார்புப் பட்டை வாங்கி, அதன் உணரிகளை நனைத்து அணிவது நல்லது. அட்டவணையில் பெருமையாகச் சொல்லப்பட்ட ஓய்வு நேரம், விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு) போன்ற கணிப்புகள் எல்லாம் இந்தத் துடிப்பையும் தூரத்தையும் வைத்தே போடப்படுகின்றன.

பேட்டரிக்கு அட்டவணை தரும் மணிக்கணக்கு பெரும்பாலும் மிகச் சிக்கனமான அமைப்பில் கிடைப்பது. இரட்டை அலைவரிசையும் பாட்டும் சேர்ந்தால் வெகுவாகக் குறையும். வருடங்கள் போனால் இன்னும் குறையும். நாம் பயன்படுத்தப்போகும் அமைப்பில், நமது மிக நீண்ட ஓட்டத்தைப் போல இரு மடங்காவது தாங்க வேண்டும் என்பது என் அளவுகோல்.

நல்ல வாட்ச்சையும் அவசரத்தில் கெடுத்துவிடலாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. போனுடன் இணைத்தால் சில நாட்களுக்கான விவரம் முன்கூட்டியே ஏறிவிடும். பல வாரம் இணைக்காவிட்டால் சிக்னல் பிடிக்க நேரமாகும். சிக்னல் கிடைத்ததற்கான பச்சை விளக்கு வந்த பிறகும் ஒரு நிமிடம் வெட்டவெளியில் நின்று புறப்பட்டால் முதல் கிலோமீட்டர் ஒழுங்காக இருக்கும். இடப்புள்ளிகளைப் பதியும் அமைப்பு ‘ஒவ்வொரு நொடியும்’ என்று இருக்கட்டும். ‘ஸ்மார்ட்’ என்று விட்டால் சில வாட்ச்சுகள் வளைவை வெட்டித் தூரத்தைக் குறைத்துவிடும். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். வியர்வை உப்பு, உயரத்தை அளக்க உதவும் காற்றழுத்தமானியின் துளையை அடைத்தால், எவ்வளவு மேடு ஏறினோம் என்ற கணக்கு கெடும். ஈரத்தோடு சார்ஜ் போட்டால் முனைகள் அரிக்கும்.

பழைய வாட்ச்சை ஒருவரிடமிருந்து வாங்குபவர்கள், வெளியில் சிக்னல் பிடித்தபின் அது காட்டும் தேதியைப் பார்க்கட்டும். ஜிபிஎஸ்ஸின் வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி நள்ளிரவில் திரும்பியது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல வருடம் பின்னால் போய் நிற்கலாம்.

புதிதாக வாங்கியவர்கள், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யலாம். மரமும் கட்டடமும் உள்ள பாதையில், ஒரே ஓரமாக 2 கிலோமீட்டர் போய் அதே ஓரமாகத் திரும்ப வேண்டும். பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தால் போன கோடும் வந்த கோடும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். சாலையின் அகலத்துக்கு மேல் அடிக்கடி விலகினால் அந்த வாட்ச்சைத் திருப்பிவிடலாம்.

அடுத்த முறை அட்டவணை வெளியிடும்போது இந்தப் போய்வந்த சோதனையின் படத்தையும், இரட்டை அலைவரிசை, லேப் பட்டன், அதிகத் துல்லிய அமைப்பில் பேட்டரி நேரம் ஆகிய மூன்று கட்டங்களையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுந்தூர ஓட்டப் பயிற்சியாளரான ஒரு வாசகர்