விமானி இல்லாத விமானம்

நங்கநல்லூர்,
நவம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள கண்ணா,

போனில் சொன்னால் அப்பா பக்கத்திலிருந்து ஏதாவது சொல்லிக் கெடுத்துவிடுவார். அதனால் எழுதுகிறேன். பரண்மேல் இருந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டியை, அதுதான் பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மை விமானத்தை, நான் பிரித்துவிட்டேன்.

எந்தப் பெட்டி என்று நீ கேட்க மாட்டாய். அப்பா கல்யாணத்துக்கு முன்னால் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985இல் மார்க்கெட் எரிந்துபோன பிறகு அதற்கு ஒரு தெய்வத்தன்மை வந்துவிட்டது. தானும் ஒட்டவில்லை, உன்னையும் தொட விடவில்லை. போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது பார்த்தால், ஒரு மூலையை எலி கடித்திருந்தது. "இன்னும் யாருக்காக வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன்னால முடிஞ்சா ஒட்டிக்கோ" என்றார். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் பேசும் பேச்சா அது?

விமானத்தின் பெயர் போல்ட்டன் பால் டிஃபையன்ட். இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம். பெட்டியில் 1/72 என்று போட்டிருந்தது. 72 அங்குலம் என்றால் ஆறு அடி, ஆகவே நிஜத்தில் ஆறு அடி இங்கே ஓர் அங்குலம். ஸ்கேலை வைத்து அளந்தேன். சிறகின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆறரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நிஜ விமானத்துக்கு 39 அடி 4 அங்குலம். கணக்கு சரியாக வந்ததும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பாகங்கள் எல்லாம் ஒரு சட்டத்தில் முருங்கைக்காய் மாதிரி தொங்குகின்றன. பிய்க்கக் கூடாது, நகவெட்டியால் நறுக்க வேண்டும். அதற்கு முன்னால் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவ வேண்டுமாம். நாம் இட்லித் தட்டில் எண்ணெய் தடவுகிறோமே, அதுபோல அச்சிலும் தடவியிருப்பார்கள். அந்தப் பிசுக்கு போகாவிட்டால் பெயின்ட் பிடிக்காது. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. உடம்பு முழுக்க ஆணித் தலைகள், பலாப்பழத் தோல் மாதிரி. பழைய அச்சு, அப்படித்தான் இருக்கும்.

முதல் விபத்து இரண்டாம் நாளே நடந்தது. உடனே ஒட்டும் பசை சிறகில் வழிந்துவிட்டது. நான் பெரிய புத்திசாலி மாதிரி உன் சித்தி விட்டுப்போன நெயில்பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். பசை போயிற்று, கூடவே சிறகும் இளகிவிட்டது. அதில் இருக்கும் அசிட்டோன் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். வெல்லப்பாகில் விரல் வைத்த மாதிரி ஒரு பள்ளம். அன்றைக்குப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் இரவு சாப்பிடும்போது உற்சாகமாக இருந்தார்.

பள்ளத்துக்கு வைத்தியம் சமையலறையிலேயே கிடைத்தது. அதே பசையை ஒரு சொட்டு விட்டு, மேலே சமையல் சோடாவைத் தூவினால் அப்படியே கல்லாகிவிடுகிறது. நைசான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். உடம்பின் இரண்டு பாதிகளும் சேராமல் இடைவெளி விட்ட இடத்திலும் இதேதான். இப்போது தடவிப் பார்த்தால் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

இந்த விமானத்துக்கு நேராகச் சுடும் துப்பாக்கியே கிடையாது. முன்னால் ஓட்டுகிறவர், அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு, அதில் நான்கு துப்பாக்கிகளோடு இன்னொருவர். போர்டில் எழுதிக்கொண்டே கடைசி பெஞ்சைக் கவனிக்கிற வேலை. எனக்குப் பழக்கமானதுதான். பிரான்ஸ் கடற்கரையில் இருக்கும் டன்கிர்க்கில் ஜெர்மன்காரர்கள் இதை, முன்னால் மட்டும் சுடும் ஹரிக்கேன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் விமானம் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்து அடி வாங்கினார்கள். சூட்சுமம் தெரிந்ததும் முன்னாலிருந்தும் கீழேயிருந்தும் வந்தார்கள். 1940 ஆகஸ்ட் கடைசியோடு பகல் சண்டை போதும் என்று கறுப்புப் பெயின்ட் அடித்து இராக்காவலுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் செய்ததில் முழுசாக மிஞ்சியது ஒன்றே ஒன்று, இங்கிலாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை முதலில் ஓட்டிய 264ஆம் படைப்பிரிவுக்கு என்ன பெயர் தெரியுமா? 'மெட்ராஸ் பிரசிடென்சி'. 79க்கும் 234க்கும்கூட அதே பெயர்தான். நம் மாகாணத்திலிருந்து போன போர் நிதிக்கு நன்றியாக வைத்த பெயர். யார் மனசாரக் கொடுத்தார்கள், யார் கலெக்டர் முகத்துக்காகக் கொடுத்தார்கள் என்று யோசித்தபடி உப்புத்தாளைத் தேய்த்தேன். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானதை உன் பாட்டி சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? விளக்குக்குக் கறுப்புத் துணி போட்டு மூடிய கதை. அதனால் எனக்கும் கறுப்பு விமானம்தான் சரி என்று தோன்றியது.

கறுப்பு எல்லாத் தப்பையும் மறைக்கும் என்று நம்பினேன். சுத்தப் பொய். ஹார்டுவேர் கடை எனாமலை அப்படியே அடித்ததில் ஆணித் தலைகள் பாதி மூழ்கிவிட்டன. டர்பன்டைன் விட்டு மோர் பதத்துக்கு நீர்க்க வைத்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். அதுவும் இந்த மழையில் நாலு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. தூசி விழாமல் எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்து வைத்தேன். அப்பா மோர்க்குழம்பு என்று நினைத்துத் திறந்து பார்த்தார். இடது சிறகில் அவர் கட்டைவிரல் ரேகை இன்னும் இருக்கிறது. தேய்த்து எடுக்க மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகியிருந்தது. மழை விட்ட நாட்களில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டியதும் வெளுத்துவிட்டது. ஆனால் தண்ணீரில் போட்டதும் முதல் வட்டச் சின்னம் அப்பளமாக நொறுங்கியது. மீதிக்கு முதலில் வார்னிஷ் பூசி, அது காய்ந்த பிறகே நனைத்தேன். நொறுங்கியது சிறகின் அடிப்பக்கத்துடையது, யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? படைப்பிரிவின் 'பி.எஸ்.' எழுத்துகளை மட்டும் சிவப்பில் நானே எழுதினேன். கோலம் போட்ட கை, நடுங்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் இரண்டு ஆட்கள் படம் இருக்கிறது. துப்பாக்கிக்காரர் சட்டத்திலேயே இருந்தார். விமானி இல்லை. அவர் இருந்த இடத்தில் பல்லால் கடித்த தடம். எலிப் பல் இல்லை கண்ணா, எனக்கு வித்தியாசம் தெரியும். ஐந்தாம் வகுப்பில் உன் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு குட்டி ஆள் இருந்தான். கேட்டதற்கு, சாக்லேட்டோடு வந்தது என்றாய்.

இங்கே எல்லா டிராயரிலும் தேடிவிட்டேன். டொராண்டோவில் உன்னிடம் இருந்தால் ஜனவரியில் வரும்போது எடுத்து வா. விமானி இடத்தைக் காலியாக விட்டு, மேல் கண்ணாடியை ஃபெவிகாலில் இரண்டே புள்ளி வைத்து ஒட்டியிருக்கிறேன். ஈரப் பஞ்சு வைத்தால் விட்டுவிடும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா