டப்பாவின் மேலேயே எழுதுங்கள்

பூச்சிமருந்து கம்பெனிகளுக்கும், லேபிளுக்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன ஐப்பசியில், ஏற்காட்டில் காபிச் செடிக்குத் தண்டு துளைப்பான் பூச்சிக்கான மருந்து அடித்துக்கொண்டிருந்த என் சித்தப்பா மயங்கி விழுந்தார். வாயெல்லாம் எச்சில், உடம்பெல்லாம் வேர்வை. ஜீப்பில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். "என்ன மருந்து அடிச்சார்?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். டப்பா என் கையில்தான் இருந்தது. மருந்து வழிந்து வழிந்து ரசாயனப் பெயர் இருந்த இடம் அழிந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது, விஷம் எவ்வளவு கடுமை என்று நிறத்தால் காட்டும் முக்கோணம் மட்டும்தான், அதுவும் மஞ்சள். நல்லவேளை, சுருங்கிய கண்மணியைப் பார்த்தே அட்ரோபின் என்ற முறிவு மருந்தை ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டார்.

விவரமெல்லாம் பெட்டிக்குள் வைக்கும் தாளில் இருக்கிறது என்பீர்கள். வட்டார மொழியிலும் அந்தத் தாள் இருக்க வேண்டும் என்று 1971 பூச்சிக்கொல்லி விதிகள் சொல்வதும் தெரியும். ஆனால் அந்தத் தாள் பெட்டியோடு ஸ்டோர் ரூமிலேயே நின்றுவிடுகிறது. டேங்க் சுமப்பவர் கைக்கு வருவது டப்பா மட்டும்தான். அதனால்தான் கேட்கிறோம், டப்பாவின் மேலேயே எழுதுங்கள்.

அளவை ஹெக்டேருக்கு இத்தனை மில்லி என்று போடுகிறீர்கள். எங்களுக்கு ஏக்கர் கணக்கு. முதுகில் இருப்பதோ 16 லிட்டர் டேங்க். டேங்குக்கு எத்தனை மூடி என்று தெரியாமல் ஆளாளுக்குக் கண்ணளவில் ஊற்றுகிறார்கள்.

மண்டையோட்டுப் படம் சிவப்பு முக்கோணத்துக்கு மட்டும்தான். அதற்கடுத்த கடும் விஷமான மஞ்சளுக்கு 'விஷம்' என்ற எழுத்தோடு சரி. படிக்கத் தெரியாதவருக்கு அது எப்படிப் புரியும்? மஞ்சளைப் பார்த்துப் பயப்பட எங்கள் ஊரில் யாரும் பழகவில்லை. பிராண்ட் பெயருக்கும் பளபளக்கும் படத்துக்கும் கிடைக்கிற இடம், உயிர் காக்கும் இரண்டு வரிக்குக் கிடைக்காதா?

கையுறை போடு, முகத்தை மூடு என்று அச்சடித்தால் போதுமா, அதையெல்லாம் யார் வாங்கித் தருவது? தோட்ட முதலாளிகளையும் கேட்க வேண்டிய கேள்விதான். சரி, அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ரசாயனப் பெயர், முறிவு மருந்து, டேங்குக்கு எத்தனை மூடி, இந்த மூன்றையும் டப்பாவின் மேலேயே, மருந்து பட்டாலும் அழியாத மையில், பெரிய தமிழ் எழுத்தில் போடுங்கள். மஞ்சளுக்கும் மண்டையோடு வையுங்கள். அடுத்த மருந்தடிப்புக்கு முன் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏற்காட்டுக் காபி விவசாயி ஒருவர்