வெயில் குறிப்புகளில் கண்ணையும் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி வெயிலைச் சமாளிப்பது பற்றி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். மோர், நுங்கு, பருத்தித் துணி எல்லாம் இருந்தன. கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வேலூர் வெயிலில் முப்பது வருடம் செங்கல் அறுத்த என் அப்பாவுக்குக் கண்ணின் மேற்பரப்பில் புற்றுநோய் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

வலது கண்ணில், மூக்கை ஒட்டிய பக்கம், கருவிழியும் வெள்ளைவிழியும் சேருகிற இடத்தில் ரவை ஒட்டினாற்போல ஒரு வெள்ளை மேடு வந்தது. அதை நோக்கிச் சிவப்பு நரம்புகள் ஓடின. "சதை வளருது, வெயில்ல வேலை செய்றவங்களுக்கு சகஜம்" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். அப்படிச் சொன்னதைக் குறை சொல்ல மாட்டேன். வெயிலிலும் தூசியிலும் கிடப்பவர்களுக்குச் சதை வளர்வது உண்டு, பெரும்பாலும் அது புற்றும் இல்லை. ஆனால் அது பெரிதானபோது வேறொரு மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். ஒரு வருடத்துக்குள் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. பயாப்சி, அதாவது சதையை எடுத்துச் சோதிப்பது, செய்த பிறகுதான் புற்று என்று தெரிந்தது.

அப்புறம் டாக்டர் வரிசையாகக் கேட்டார். எத்தனை வருடம் வெயில் வேலை? பீடி உண்டா? உறுப்பு மாற்று ஆபரேஷன் செய்து, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? கடைசியில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யச் சொன்னார். "எங்கப்பாவைப் பார்த்து இந்தக் கேள்வியா?" என்று அண்ணன் எழுந்தே விட்டார்.

டாக்டர் கோபப்படாமல் விளக்கினார். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் செல்லின் மரபுப்பொருளைக் கெடுக்கிறது. கண் திறந்திருக்கும்போது வெளிச்சம் படுகிற இடத்திலேயே இந்தக் கட்டி பெரும்பாலும் வருவது அதனால்தான். கெட்டுப்போன செல்களை அடக்கி வைப்பது உடம்பின் எதிர்ப்பு சக்தி. எச்.ஐ.வி. இருந்தால் அது தளர்ந்துவிடும். வயதான ஆண்களுக்கு அதிகம் வருகிற இந்த நோய், எச்.ஐ.வி. பரவலாக உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் இளைஞர்களுக்கும் பெண்களுக்குமே நிறைய வருகிறதாம்.

அப்பாவுக்கு எச்.ஐ.வி. இல்லை என்று வந்தது. ஆனால் இந்தியாவில் முதன்முதலாக 1986-இல் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபோது, சென்னையில் எடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான். அந்த ஊர்க்காரர்களான நாங்களே அந்தப் பெயரைக் கேட்டுக் கூசினோமே என்று பின்னால் வருத்தப்பட்டேன். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம், யாருக்கும் சொல்ல மாட்டார்கள். இளம் வயதில் இப்படிக் கட்டி வந்தால் தயங்காமல் பார்த்துவிட வேண்டும்.

பீடியை அப்பா விட்டுவிட்டார். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு என்பதால் இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இன்னொன்று, வெயில் பட்டாலே கண் கூசி, முகமெல்லாம் கரும்புள்ளி விழுகிற குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். அது பிறவிக் கோளாறு. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கலாம். அந்தக் குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே கண்ணில் புற்று வரலாம். அவர்களை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்து, ஓரங்களை உறைய வைத்து, பிறகு மாதக்கணக்கில் சொட்டு மருந்து போட்டார்கள். கண் பிழைத்தது. திரும்ப வரக்கூடும் என்பதால் செக்கப்புக்குத் தவறாமல் போகிறோம்.

முண்டாசு உச்சி வெயிலைத்தான் தடுக்கும். தரையில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் கண்ணில் படத்தான் செய்யும். அகல விளிம்புத் தொப்பி வேண்டும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் வேண்டும். கண்ணாடி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. சூளைக்காரர்களும் குவாரிக்காரர்களும் வேலையாட்களுக்கு இதை வாங்கிக் கொடுத்தால் பெரிய செலவு ஆகிவிடாது.

அடுத்த கோடைக்கு முன்பாவது ஒரு கண் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிப் போடுங்கள். சாதாரணச் சதை வளர்ச்சியையும் புற்றுக் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். சிவப்பு நரம்பு தெரிய வேண்டும், அதனால் கலரில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கே.வி.குப்பம், வேலூர் மாவட்டம்.