குப்பிகளைக் கழுவாதீர்கள்: பழைய மருந்துக்கடைக்காக ஒரு திறந்த மடல்

வேலூர்க் கோட்டை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் தொடங்கிய ஊர் இது. மருத்துவர் பெயர் நிலைத்துவிட்டது. சீட்டைப் படித்து மருந்து கலந்த கம்பவுண்டரின் மேசையோ காயலான் கடைக்குப் போகிறது. தலைமுறை கண்ட குடும்ப மருந்துக்கடை ஒன்றின் பொருள்கள் உங்களிடம் வந்தால், அழகான குப்பிகளை மட்டும் பொறுக்கிக் கழுவி அடுக்கிவிட வேண்டாம்.

எது கைக்கெட்டும் தட்டில் இருந்தது, எது பூட்டிய விஷ அலமாரியில் இருந்தது என்பதில்தான் கடை நடந்த விதம் தெரியும். தொடுமுன் தட்டுத் தட்டாகப் படமெடுங்கள். அலமாரி, தட்டு, இடம் மூன்றின் எண்களையும் சிறு அட்டையில் பென்சிலால் எழுதி, நூலால் குப்பிக் கழுத்தில் கட்டுங்கள். செல்லோ டேப் வேண்டாம். பசை மஞ்சளித்துக் கறையாகும். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, ஓரத்தில் வெட்டு வைத்து மிக்ஸர் எனும் திரவ மருந்துக் குப்பியில் ஒட்டிய காகிதப் பட்டை முதல் தண்ணீரிலேயே போய்விடும். குப்பியைவிட அதுதான் அரிது.

உள்ளே மிச்சமிருக்கும் மருந்தில்தான் ஆபத்து. தீக்காயத்துக்குப் போட்ட மஞ்சள் பிக்ரிக் அமிலம் ஈரம் வற்றினால் வெடிக்கும்; மூடியிடுக்கில் படிகம் இருந்தால் திருகும் உரசலே போதும். அதை அசைக்காமல் அறையைப் பூட்டி, வெடிகுண்டு நிபுணர்களை அழையுங்கள். மயக்க மருந்தான ஈதர் பழையதானால், அதிலும் காற்றுப் பட்டு வெடிக்கும் பெராக்சைடு சேர்ந்திருக்கலாம். பாதரச உப்பான கலோமெல் வெளிச்சத்தில் கறுத்துப் பாதரசம் பிரியும். எதையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அபினைச் சாராயத்தில் ஊறவைத்த அபின் டிங்சர் இருந்தால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் குறுக்கே வரும். மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் கேட்காமல் வண்டியேற்றாதீர்கள்.

தராசோடு எடைக்கற்களும் வரட்டும். பழைய மருந்து எடைக் கணக்கில் 20 கிரெயின் ஒரு ஸ்க்ரூப்பிள், 3 ஸ்க்ரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். இந்தக் கணக்கு தெரியாமல் மருந்துச்சீட்டுப் பேரேடு புரியாது. பித்தளைக் கற்களைப் புளி போட்டுத் துலக்கினால் எண் தேய்ந்துவிடும்.

பேரேட்டை லேமினேட் செய்யவே வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. அதில் நோயாளிகளின் பெயர் இருக்கும், அவர்கள் பிள்ளைகள் இதே ஊரில் இருப்பார்கள். பெயர் மறைத்த நகலையே காட்சிக்கு வையுங்கள்.

அந்தக் கடையில் மருந்து கலந்த பெரியவர் யாரேனும் இருந்தால், பொருள்கள் கடையை விட்டுக் கிளம்புமுன் அவரை அலமாரி எதிரே உட்காரவைத்து, எந்த இழுப்பறையில் என்ன இருந்தது என்று கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்களும் பழம்பொருள் பேணுவோரும்,
வேலூர்